செவிலியின் குரல்: ஆந்திரே ழீதின் புதினம் ஒன்றில் இல்லறமும் வளர்ப்பு மகளும்

முன்னுரை

பெற்ற மகவைப் பேணுதல் இயல்பூக்கத்தின்பாற் பட்டது; பெறாத மகவைப் பேணுதல் உள்ளத் துணிவின்பாற் பட்டது. அம்மகவு கண்ணொளி இன்றியும் மொழி பயிலாமலும் வந்து சேருமாயின், அத்துணிவு ஒருவருடையதாக மட்டும் நின்று அமையாது. இல்லத்தார் அனைவருடைய உழைப்பையும் பொறுமையையும் வேண்டி நிற்கும். இந்நிலையையே பொருளாகக் கொண்ட புதினங்கள் மிகச் சிலவாம். அவற்றுள் ஒன்று, பிரெஞ்சு எழுத்தாளர் ஆந்திரே ழீது 1919ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘லா சிம்பொனி பாஸ்தொரால்’ என்பது. ‘ஆயர் இசைக்கோவை’ என இதனைத் தமிழில் வழங்கலாம். இவ்வாசிரியர் 1947ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றவர். அதற்கு முந்தைய ஆண்டில் இப்புதினம் திரைப்படமாகவும் வந்தது.

இந்நூலை ஆராய்ந்தோர் பலரும், கதை சொல்லும் சமயகுரு தம்மைத் தாமே ஏமாற்றிக்கொண்ட திறத்தையே விரித்துரைப்பர். அஃது உண்மையே. ஆயினும் நூல் முழுமைக்கும் அவ்வுரை போதியதன்று என்பது இக்கட்டுரையின் கருத்து. இப்புதினம் ஓர் இல்லத்தின் கதையுமாகும். வளர்ப்பு மகளை இல்லத்துட் கொணர்ந்தவர் ஒருவர். அவளை வளர்க்கும் சுமையைத் தாங்கியவர் மற்றொருவர். கொணர்ந்தவரே கதை சொல்லுகின்றார். சுமந்தவர் பேசுதற்கு இடம் பெற்றிலர். இவ்விடைவெளியை நோக்குதற்குத் தமிழ் அகமரபிலுள்ள செவிலி, நற்றாய் என்னும் பகுப்பு பெரிதும் துணைசெய்யும்.

கதையும் கட்டமைப்பும்

கதை நிகழும் இடம் சுவிட்சர்லாந்தின் நொய்ஷாத்தெல் பகுதியில் மலைமேல் அமைந்த லா பிரெவீன் என்னும் சிற்றூர். ஆசிரியர் 1894ஆம் ஆண்டில் இவ்வூரில் தங்கியிருந்தவர் ஆதலின் அதன் பனியும் குளிரும் தனிமையும் அவர் நேரிற் கண்டவை. அவ்வூர்ச் சமயகுரு எழுதும் நாட்குறிப்பாகவே நூல் அமைகின்றது. பிப்ரவரி 10ஆம் நாள் தொடங்கி மே 30ஆம் நாள் முடியும் அக்குறிப்பு இரண்டு ஏடுகளாகப் பகுக்கப்பட்டுள்ளது.

இறக்கும் நிலையிலிருந்த மூதாட்டி ஒருத்திக்காக அழைக்கப்பட்ட குரு, அவள் குடிசையின் மூலையில் பார்வையற்ற பெண் ஒருத்தி முடங்கிக் கிடத்தலைக் காண்கின்றார். அகவை பதினைந்து அளவினள். எனினும் ஒரு சொல்லும் அறியாள். மூதாட்டி செவிடி ஆதலின் அப்பெண்ணிடம் எவரும் பேசியதில்லை. குரு அவளைத் தம் இல்லத்திற்குக் கொணர்கின்றார். அங்கே அவர்தம் மனைவி அமெலியும் மக்கள் ஐவரும் உளர். அப்பெண்ணுக்கு ழெர்த்ரூத் என்னும் பெயரைச் சூட்டுபவள் ஷார்லோத் என்னும் சிறுமி.

ழெர்த்ரூத் மொழி பயின்று அறிவும் அழகும் வாய்ந்த நங்கையாக வளர்கின்றாள். குருவின் மூத்த மகன் ழாக் அவளை விரும்புகின்றான். குருவோ அவனை அகற்றிவிட்டுத் தாமே அவள்பால் காதல் கொள்கின்றார். அதனை அருள் என்றே எண்ணுகின்றார். லோசான் நகரில் நிகழும் அறுவை மருத்துவத்தால் அவள் பார்வை பெறுகின்றாள். பெற்ற சின்னாளில் ஆற்றில் வீழ்ந்து, அதனால் உற்ற நோயால் இறக்கின்றாள்.

ஈண்டு ஒரு கருத்தைத் தெளிவுறுத்தல் வேண்டும். ழெர்த்ரூத்தின் பேசாமைக்கும் அறிவு விரியாமைக்கும் காரணம் குருடு அன்று, உரையாடல் இன்மையே. கண்ணின் குறையையும் வளர்ப்பின் குறையையும் ஒன்றாகக் கருதும் பிழையை ஆசிரியர் கதையின் முதற்பகுதியிலேயே களைந்துவிடுகின்றார். மார்த்தென் என்னும் மருத்துவர், தொடுவுணர்வு ஒன்றோடும் சுவை ஒன்றோடும் ஒரு சொல்லை இணைத்து, சலிப்பின்றி மீண்டும் மீண்டும் ஒலிக்குமாறு குருவுக்கு வழி கூறுகின்றார். லாரா பிரிட்ஜ்மன் (1829–1889) என்னும் உண்மையான பெண்ணின் வரலாற்றையும் எடுத்துக்காட்டுகின்றார். கண்ணும் செவியும் இழந்த அவ்வம்மையார் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சாமுவேல் கிரிட்லி ஹோவ் என்பாரிடம் மொழி பயின்றவர். எனவே ழெர்த்ரூத்தின் கல்வி வெறும் கற்பனையன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மெய்ப்பிக்கப்பட்ட ஒரு நெறியின்மேல் எழுந்தது.

அஃறிணையும் உயர்திணையும்

இல்லத்துட் புகுந்த அன்றே அமெலி கணவரை நோக்கி, இதனை என்ன செய்யக் கருதுகின்றீர் என்னும் பொருள்பட வினவுகின்றாள். பிரெஞ்சில் அவள் ஆண்ட சுட்டு, பொருளைக் குறிக்கும் சுட்டு. அது கேட்டுத் தம் உள்ளம் நடுங்கிற்று எனக் குரு எழுதுகின்றார். திணை வேறுபாட்டை இலக்கணத்தின் தலைவாயிலிலேயே வைத்த தமிழர்க்கு இவ்வினாவின் கடுமை எளிதிற் புலனாகும். மக்களுயிர் ஒன்றை அஃறிணையாற் சுட்டியமை குற்றமே.

ஆயின் குற்றம் அமெலியதாக மட்டும் உளதோ? வண்டியில் தம் அருகே கிடந்த அப்பெண்ணை உயிருணர்வு அற்ற ஊன்பொதியாகவே தாம் கண்டதைக் குருவும் எழுதியுள்ளார். அவர் எழுத்தில் அஃறிணையாற் கண்டார். அவள் வாய்ச்சொல்லில் அஃறிணையாற் சுட்டினாள். அவர் தம்மைக் கடிந்துகொள்ளவில்லை, அவளைக் கடிந்தார். தம் குறிப்பாலேயே தமக்கு எதிர்ச்சான்று பகரும் ஒருவரைக் கதைசொல்லியாக அமைத்தது ழீதின் திறமாகும்.

மேலும், பெயரிடுதலால் ‘அது’ ‘அவள்’ ஆகும் செயலைச் செய்பவர் குருவும் அல்லர், மனைவியும் அல்லர், குழந்தையே. வளர்ப்பு மகவை உறவாக்குதலில் இல்லத்துப் பிள்ளைகளுக்குள்ள பங்கினை இதனினும் சுருக்கமாகக் காட்டல் அரிது.

வளர்ப்பின் சுமை

முதல் நாட்களில் அப்பெண்ணின் அழுக்கையும் பேனையும் நீக்கித் தூய்மை செய்த அருவருப்பான பணிகள் அமெலியின்மேல் வீழ்ந்தன. கைக்குழந்தை ஒன்று உட்பட ஐவரைப் பேணும் தாய்க்கு ஆறாவது மகவு முன்னறிவிப்பின்றி வந்தது. குருவோ காணாமற்போன ஆட்டின் உவமையைக் கூறி அவளை வாயடைக்கச் செய்கின்றார். மறைமொழி ஈண்டு ஆறுதலாக வரவில்லை; வாதத்தை முடிக்கும் கருவியாக வந்தது.

பத்து நாட்கள் சென்றபின், ழெர்த்ரூத்திடம் எம்மாற்றமும் காணாது குரு மனந்தளர்ந்தார். அப்பொழுது ஒன்று நிகழ்கின்றது. அப்பெண் தமக்குச் சுமையாயினாள் என்பதை உணர்ந்த அமெலி, முன்னினும் மனமுவந்து அவளைப் பேணினாள் எனக் குருவே வியந்து குறிக்கின்றார். இது நூலின் நடுநாடியான இடம் என்று கருதுகின்றேன். கணவரின் ஈடுபாடு குறைந்ததால் மனைவியின் பொறாமை தணிந்தது எனக் கூறுவாரும் உளர். அஃது ஒரு கூறு. ஆயினும் பொறாமை தணிந்த மாத்திரையில் வெளிப்பட்ட பரிவு முன்னரே அவளிடம் இருந்ததாதல் வேண்டும். இல்லாதது வெளிப்படுமாறு இல்லை. அவள் வெறுத்தது குழந்தையை அன்று; தன்னைக் கேளாது செய்த துணிவையும், துணிந்தவர் புகழ்கொள்ளத் தான் உழைக்கும் நிலையையும் வெறுத்தாள் என்பதே பொருத்தமுடைத்து.

தம் மக்களுள் எவருக்கும் இத்துணை செய்தீரல்லீர் என அவள் மீண்டும் மீண்டும் கூறுவதும் இக்கருத்துக்கு அரண் செய்யும். பெற்ற பிள்ளைகள் சார்பாக அவ்வில்லத்தில் எழும் ஒரே குரல் அது. மிகுதி கவனம் வேண்டும் ஒரு மகவு உள்ள குடும்பங்களில் ஏனைய பிள்ளைகள் தம் தேவையைத் தாமே குறைத்துக்கொள்வர். அவர்தம் அமைதியைப் பெற்றோர் நலம் எனப் பிறழ உணர்வர். குருவின் குறிப்பில் சாராவும் காஸ்பாரும் ஏறத்தாழ நிழலுருவங்களாகவே நிற்கின்றனர். இஃது ஆசிரியரின் குறையன்று. குருவின் பார்வைக் குறை. கண்ணிலாள் ஒருத்திக்கு உலகைக் காட்டியவர் தம் பிள்ளைகளைக் கண்டிலர்.

மறைத்தலும் அன்பும்

மருத்துவர் குருவுக்குப் படிக்கத் தந்த நூல் சார்லஸ் டிக்கன்ஸ் 1845ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு கிறித்துமசுக் கதை. பொம்மை செய்யும் ஏழைத் தந்தை ஒருவன், கண்ணிலா மகளிடம் தம் வறிய இல்லத்தை வளமனை போலப் புனைந்து கூறுவது அதன் ஒரு பகுதி. அப்பொய்யைக் குரு ஏற்கவில்லை; தமக்கு அத்தகைய பொய் வேண்டாத நிலையை எண்ணி மகிழ்கின்றார். ஆனால் அவர் செய்தது யாது? நொய்ஷாத்தெல் இசையரங்கில் பீத்தோவனின் ஆயர் இசையைக் கேட்பித்து, இசைக்கருவிகளின் ஒலி வேறுபாட்டால் வண்ண வேறுபாட்டை விளக்கினார், அது கல்வி. உலகமும் அவ்விசை போன்றதே என அவள் நம்புமாறு துன்பத்தையும் தீமையையும் அவளிடமிருந்து மறைத்தார். அது டிக்கன்ஸின் தந்தை செய்ததே. பிரெய்ல் எழுத்தைத் தாமும் கற்று அவளுக்கும் கற்பித்தவர், பவுலின் நிருபங்களை மட்டும் அவள் கையிற் கொடுத்திலர். எழுத்தறிவித்தவரே எதனைப் படிக்கலாகாது என்பதையும் வரையறுத்தார்.

ழெர்த்ரூத் இதனை உணர்கின்றாள். அறியாமையால் வரும் இன்பம் தனக்கு வேண்டாம் என்னும் கருத்துப்பட உரைக்கின்றாள். இப்பெண்ணின் பெருமை இவ்விடத்தே தோன்றுகின்றது. அவள் இரக்கத்தை வேண்டவில்லை, உண்மையை வேண்டினாள். பார்வை பெற்றபின் அவளைத் தாக்கியது உலகின் அழகன்று. அமெலியின் முகத்திற் படிந்திருந்த துயரம். தான் வளர்ந்த இல்லத்தில் தன்னால் விளைந்த துயரை எவரும் தனக்குச் சொன்னாரல்லர் என்பதே அவளை மாய்த்தது. அவள் முடிவுக்குக் காதற் குழப்பமே காரணம் என்பார்க்கு, ழாக்கின் முகத்தோடு அமெலியின் முகமும் அவள் இறுதி உரையில் இடம்பெறுதல் விடையாகும்.

செவிலியும் அமெலியும்

தொல்காப்பியம் தாயை நற்றாய் எனவும் செவிலி எனவும் பகுத்து, இருவர்க்கும் கூற்று நிகழ்த்தும் உரிமை வழங்கியது. ஈன்றவளும் வளர்த்தவளும் தனித்தனியே பேசுவர். உடன்போக்கில் மகளைத் தேடிச் செல்பவளும், மணந்தபின் மகள் மனைக்குச் சென்று அவள் இல்லறச் சிறப்பைக் கண்டு நற்றாய்க்கு உரைப்பவளும் செவிலியே. வளர்த்தவள் அறிவதை வளர்த்தவளே சொல்லல் வேண்டும் என்பது அம்மரபின் உட்பொருள்.

அமெலி ழெர்த்ரூத்துக்குச் செவிலி. ஆனால் கூற்று உரிமை பெறாத செவிலி. அவள் குறிப்பாகவே பேசுகின்றாள். ழாக்கின் காதலையும் கணவரின் காதலையும் முன்னறிந்தவள் அவளே. வெளிப்படக் கூறுதற்கு அவளுக்கு வாய்ப்பில்லை. அவள் நாட்குறிப்பு எழுதியிருப்பின் கதை வேறாகும்.

ஆயினும் தமிழிலக்கியம் இவ்வகையில் முற்றும் நிறைவுடையது எனக் கூறுதற்கு இயலாது. மணிமேகலையில் ஆபுத்திரனை வழியிற் கண்டெடுத்து மகனாக ஏற்றவன் இளம்பூதி என்னும் அந்தணன். பின்னர் வேள்விப் பசுவை மீட்டமையாற் பகை மூண்டு, பிறப்பு இழித்துரைக்கப்பட்டபொழுது, அத்தந்தையே அவனைக் கைவிடுகின்றான். உடன் வளர்த்த மனைவி என்ன நினைந்தாள் என்பதைக் காப்பியம் நமக்குச் சொல்லவில்லை. அகத்திணை குரல் வழங்கிய செவிலிக்குக் காப்பியம் அவ்விடத்து வழங்காது விட்டது. கைவிடப்பட்ட ஆபுத்திரனோ மதுரையில் இரந்துண்டு, கண்ணிலார்க்கும் செவிடர்க்கும் கால்முடம்பட்டோர்க்கும் ஊட்டி வாழ்ந்தான். இல்லம் இழந்தவன் இல்லமற்றோர்க்கு உறவானான். ஏற்றலினும் ஏற்றதை இறுதிவரை விடாமையே அரிது என்னும் உண்மையை இரு நூல்களும் இருவேறு வழியால் உணர்த்துகின்றன.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன: ழீதின் புதினம் தனிமனிதர் ஒருவரின் தற்புரட்டை மட்டும் காட்டுவதன்று, வளர்ப்பு மகவை ஏற்ற இல்லம் ஒன்றில் உழைப்பும் புகழும் பிரிந்து நின்ற நிலையைக் காட்டுவது. பார்வையற்ற மகவுக்குத் தேவையானது மொழி. அதனினும் தேவையானது உண்மை. அவ்வுண்மையை அவளுக்கு மறுத்தவர் அன்பு மிக்கவராகவே இருந்தார் என்பதுதான் கதையின் அவலம்.

இறுதியில் குரு தமக்காக வேண்டுமாறு அமெலியைக் கேட்கின்றார். அவள் எல்லார்க்கும் தெரிந்த வழக்கமான இறைவேண்டலையே சொல்லுகின்றாள். தன் சொல் ஒன்றும் சேர்த்திலள். அவளை அன்பற்றவள் எனக் கொண்டோர் இதனையும் அதற்குச் சான்றாகக் காட்டலாம். தன் சொல்லுக்கு அவ்வில்லத்தில் என்றும் செவி இல்லாதிருந்தமையை அறிந்தவள் வேறு என்ன சொல்லியிருத்தல் கூடும் என்பதே நாம் எண்ணத்தக்கது.