பிரிவு 17: ஒரு வாசிப்பின் தொடக்கம்

2021 மே மாதம் கனடாவின் கம்லூப்ஸ் பழங்குடி உறைவிடப் பள்ளி வளாகத்தில் குழந்தைகளின் புதைகுழிகள் இருக்கக்கூடும் என்று ரேடார் சோதனையை வைத்து அறிவித்தார்கள். அதற்குப் பிறகு பெண்ணாடத்தில் நாங்கள் நாலைந்து பேர் கூடிப் படிக்கிற கூட்டத்தில் அதுபற்றி நான்தான் பேசினேன். பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட ஒன்றரை லட்சம் குழந்தைகள், பிடுங்கப்பட்ட மொழி, வெட்டப்பட்ட முடி, 2008இல் நாடாளுமன்றத்தில் மன்னிப்பு, 2015இல் ஆணையத்தின் இறுதி அறிக்கை, 94 பரிந்துரைகள் என்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன். முடிந்ததும் பின்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் கேட்டார்: "எல்லாம் சரி தம்பி, நம்ம அஜீஸ் நகர் செட்டில்மெண்டுல இருந்த புள்ளைங்களப் பத்தி எதுனா படிச்சிருக்கீங்களா?"

படித்திருக்கவில்லை. இக்கட்டுரை அவருக்கான பதிலும் அல்ல. தாமதமாகப் படிக்கத் தொடங்கியவனின் ஒப்புதல் வாக்குமூலம் என்று வேண்டுமானால் கொள்ளலாம்.

எங்கள் ஊருக்கு வடமேற்கே, திருச்சி நெடுஞ்சாலையில் வேப்பூர். அதே சாலையில் மேலும் வடக்கே போனால் உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்தில் அஜீஸ் நகர். 'வேப்பூர்ப் பறையர்' என்று ஒரு ஊரின் பெயரையும் ஒரு சாதியின் பெயரையும் ஒட்டிக் குற்றப்பரம்பரைப் பட்டியலில் ஏற்றியது காலனிய அரசு. அவர்களைக் குடியேற்றிக் கண்காணித்த இடம் அஜீஸ் நகர். மெய்கண்டார் பிறந்த ஊர் என்று பெருமை பேசத் தெரிந்த எனக்கு இது தெரியாமல் போனது தற்செயல் அல்ல.

1871இல் வடநாட்டில் தொடங்கிய குற்றப்பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ரேகை வைப்பதையும் இரவில் ஆஜராவதையும் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். 1924ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. தொழில், விவசாய, சீர்திருத்தப் பள்ளிகளை அரசு நிறுவலாம். 6 வயதுக்கு மேல் 18 வயதுக்குள்ளான குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து அங்கே வைக்கலாம் என்கிறது அந்தப் பிரிவு. இந்தக் குழந்தை எந்தக் குற்றமும் செய்திருக்க வேண்டியதில்லை, பிறந்திருந்தால் போதும். கனடாவுக்கு அழுத நம் கண்ணீர் இந்த வரியின்மேல் ஏன் ஒரு சொட்டும் விழவில்லை?

சிறையும் பள்ளியும் தொழிற்சாலையும் ஒரே சாயல் கொண்டவை என்று ஃபூக்கோவை மேற்கோள் காட்டுவது நம் பழக்கம். இங்கே செட்டில்மெண்டில் அந்த மூன்றும் ஒரே வேலிக்குள் இருந்தன. அதைப் பார்க்க பிரெஞ்சு தேவைப்படவில்லை, பஸ் டிக்கெட் போதும்.

தமிழ் எம்.ஏ.வில் எனக்குக் குறவரைக் கற்பித்தார்கள். குறிஞ்சித் திணையின் மக்கள், குற்றாலக் குறவஞ்சியில் மலைவளம் பாடிக் குறி சொல்லும் சிங்கி. இலக்கியம் கொண்டாடிய அதே பெயரைச் சட்டம் குற்றவாளி என்று எழுதியதை எந்த வகுப்பும் சொல்லவில்லை. தமிழில் குறவர் என்றும் தெலுங்கில் எருகுலர் என்றும் அறியப்படும் அம்மக்களுக்காக, அன்றைய சென்னை மாகாணத்தின் ஸ்டூவர்ட்புரத்தில் இரட்சணிய சேனை ஒரு குடியிருப்பு நடத்தியது. மீனா ராதாகிருஷ்ணாவின் 2001ஆம் ஆண்டு நூல் அந்த வரலாற்றைப் பேசுகிறது. சிங்கியின் பாட்டு பாடத்திட்டத்தில் இருக்கிறது. அவளுடைய பேரப்பிள்ளைகளின் பள்ளிக்கூடம் இல்லை.

இது பழங்கதையும் அல்ல. 1993இல் கம்மாபுரம் போலீஸ் ஸ்டேஷனில் அடித்துக் கொல்லப்பட்ட முதனை ராஜாக்கண்ணு குறவர். எங்களுக்குப் பக்கத்து ஊர்க்காரர். 2021இல் 'ஜெய் பீம்' அவரை இருளராக்கியது. இருளர் துயரமும் உண்மைதான். ஆனால் இந்தப் பெயர் மாற்றத்தில் ஒரு வரலாற்றுத் தொடர்ச்சி அறுந்துபோகிறது: திருட்டு என்றதும் போலீஸ் ஏன் அந்தத் தெருவுக்குப் போனது என்ற கேள்விக்கான பதில் அந்தப் பழைய பட்டியலில் இருக்கிறது.

ஆனால் கனடாவின் கதையை அப்படியே இங்கே ஒட்டிவிட முடியாது. ரேகைச் சட்டத்தை எதிர்த்து 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் துப்பாக்கிக்கு நெஞ்சு காட்டியவர்கள் பிரமலைக் கள்ளர்கள். அவர்களைத் 'திருத்த' வந்த பள்ளிகள் 'கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள்' என்று மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் நிலைத்தன. 2023 பட்ஜெட்டில் இவற்றையும் பள்ளிக்கல்வித் துறையோடு இணைப்பதாக அறிவித்தபோது எதிர்த்தது யார்? அந்த மக்களேதான். 'எங்க பள்ளிக்கூடம்' என்றார்கள். தண்டனையாக வந்ததை உரிமையாகக் கைப்பற்றிக்கொண்ட கதை இது. இதைக் காலனிய மயக்கம் என்று தள்ளுவது படித்தவனின் திமிர்.

அதேசமயம் 'எப்படியோ நாலு எழுத்து கிடைச்சுதே' என்ற நன்றியுணர்வோடு கணக்கை முடித்துவிடவும் கூடாது. எழுத்து கொடுத்த கைதான் ரேகையும் எடுத்தது. 'சீரமைப்பு' என்ற சொல் இன்னும் பெயர்ப்பலகையில் இருக்கிறது. கோணலாக இருந்தது குழந்தைதான் என்று அது இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. எண்ணிக்கையும் நிலமும் கொண்டவர்கள் பள்ளியைக் கைப்பற்ற முடிந்தது. வேப்பூர்ப் பறையருக்கும் குறவருக்கும் அது வாய்த்ததா? நம் ஒப்பீடு கனடாவோடு நின்றுவிடாமல் இங்கேயும் திரும்ப வேண்டும்.

சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுக்க 1952 ஆகஸ்ட் 31இலும் சட்டம் நீங்கியது. அதன் கீழ் பிரிக்கப்பட்ட குழந்தைகளின் சாட்சியங்களைக் கேட்க இங்கே ஓர் ஆணையமும் உட்காரவில்லை. ஆணையம் வரும்வரை காத்திருக்க முடியாது, சாட்சிகளுக்கு வயதாகிறது.

எனவே எனக்கு நானே சில கட்டளைகள் இட்டுக்கொண்டிருக்கிறேன். குறவஞ்சியை இனிச் சட்டத்தோடு சேர்த்தே வாசிப்பது. வேப்பூர், அஜீஸ் நகர் பக்கத்துப் பெரியவர்களிடம் போய், எழுதுவதற்காக அல்லாமல் கேட்பதற்காக உட்காருவது. அவர்கள் சொல்ல மறுத்தால் அந்த மறுப்பை மதிப்பது. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் எழுதும் நாளில் என் கட்டுரையை ஓரமாக நகர்த்திக்கொள்வது.

முதலில் அந்தப் பெரியவரைத் தேடிப் போக வேண்டும். அன்றைக்கு அவர் எந்த ஊர், அவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றுகூட நான் கேட்கவில்லை. நான்தான் பேச்சாளர் என்ற நினைப்பு.