கிளிநொச்சிப் புகையிரத நிலையம்: கட்டடமும் காலமும்

வன்னியின் புகையிரத நிலையங்களைக் குறித்து ஏங்குவோர் பலர். அவற்றைக் கட்டடங்களாக நோக்கியோர் அரியர். 1905இல் காங்கேசன்துறையை எட்டிய வடபாதையின் சிற்றூர் நிலையங்களுக்கு, குடியேற்ற ஆட்சியாளர் வகுத்த பொது இலக்கணம் ஒன்றிருந்தது: தடித்த சுவர், சரிந்த ஓட்டுக்கூரை, மேடையை நோக்கித் தாழ்ந்திறங்கும் இறவாரம். அந்த நிழலின் அருமையை வன்னி வெயிலில் நின்றவர் அறிவர். ஆயினும் அந்நிழல் எல்லோருக்கும் ஒன்றாய் அமைந்ததன்று. முதலாம் வகுப்புப் பயணிக்கு அறை, மூன்றாம் வகுப்புப் பயணிக்குத் திறந்த விறாந்தை என்பதே அக்கால ஒழுங்கு. பழைமையின் அழகைப் போற்றுவோர் இதனை வசதியாக மறந்துவிடுகின்றனர்.

1990இல் வவுனியாவுக்கு வடக்கே சேவை நின்றது. அதன்பின் தண்டவாளங்களும் சிலிப்பர்கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. வண்டியைத் தாங்கிய மரம், மண்மூட்டைகளைத் தாங்கிக் குடும்பங்களைக் காத்தது. முதல் வகுப்பென்றும் மூன்றாம் வகுப்பென்றும் பாராத நிழல் அதுவொன்றே எனலாம். வன்னியின் கட்டடக்கலையைப் பேசுவோர் இதனை விலக்கிப் பேசுதல் தகாது.

இந்தியக் கடனுதவியுடன் பாதை மீளமைக்கப்பட்டு, 2013 செப்டெம்பர் 14இல் கிளிநொச்சிக்கு மீண்டும் வண்டி வந்தது. புதிய நிலையம் துப்புரவானது, பயனுள்ளது, மறுப்பதற்கில்லை. ஆனால் இடைப்பட்ட இருபத்துமூன்று ஆண்டுகளைப் பற்றி அதன் வடிவம் பேசவில்லை. அதே நகரிலே சரிந்துகிடந்த நீர்த்தாங்கியோ போருக்குப்பின் வருவோர்க்குக் காட்சிப்பொருளாக்கப்பட்டது! எதனைக் காட்டுவது, எதனைப் பூசி மெழுகுவது என்பதனை யார் தீர்மானித்தனர்? ஊரவரை எவரேனும் கேட்டனரா? மேடையோரத்தில் ஒரு பழைய சிலிப்பர்கட்டையைக் கிடத்துவதற்கு இன்னும் இடமுண்டு.