பதிவேட்டில் பத்து மன்றம்

கடலூரிலோ சிதம்பரத்திலோ ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் எத்தனை மன்றங்கள் என்று கேட்டால், ஆசிரியர்களே எண்ணத் தொடங்கிப் பாதியில் தடுமாறுவார்கள். இலக்கிய மன்றம், வினாடி வினா, சிறார் திரைப்படம், வானவில் மன்றம், பசுமைப் படை, ஜே.ஆர்.சி. (இளம் செஞ்சிலுவைச் சங்கம்), சாரணர், என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்), நுகர்வோர் மன்றம், தொன்மைப் பாதுகாப்பு மன்றம் என்று பட்டியல் நீளும். 2024இல் மாணவர்களைக் குறிஞ்சி முதல் பாலை வரை ஐந்து குழுக்களாகப் பிரிக்கும் மகிழ் முற்றமும் இதில் சேர்ந்துகொண்டது. இந்த எண்ணிக்கையைக் காட்டி அரசைப் பாராட்டலாம், ஆசிரியர்களுக்காகப் பரிதாபப்படவும் செய்யலாம். மன்றங்களால் என்ன பயன் என்பது இரண்டிலும் தெரியாது.

நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல்கள் இரண்டு. பாடப் புத்தகத்தில் கிடைக்காத ஒன்றைத் தன் ஊரிலிருந்து மாணவர் தானே கண்டறிந்தாரா? வகுப்பறை சேர்த்துவைக்காத பிள்ளைகளை மன்றம் சேர்த்துவைத்ததா? ஒன்றில் தேறினாலும் போதும், அந்த மன்றம் இருக்கட்டும்.

இலக்கிய மன்றத்திலிருந்து தொடங்கலாம். திராவிட இயக்கத் தலைவர்கள் நெடுஞ்செழியனும் அன்பழகனும் சிதம்பரத்தின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். மேடைப்பேச்சு அரசியலையே புரட்டிப்போடும் என்று காட்டிய தலைமுறை அது. அந்த ஊரின் பள்ளிகளிலும் இன்று பெரும்பாலும் நடப்பது மனப்பாடம்தான். தமிழாசிரியரோ கைப்பேசியோ எழுதித் தந்த மூன்று நிமிடத்தைப் பிள்ளை ஒப்பிக்கும், ஒரு வரி விட்டுப்போனால் மேடையிலேயே உறைந்து நிற்கும். இதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம் வலுவானது. வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கு ஒலிபெருக்கி முன் நிற்பதே ஒரு விடுதலை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த விடுதலை ஆண்டு முழுக்க அதே மூன்று நான்கு பிள்ளைகளுக்குத்தானே கிடைக்கிறது? 2022-23 முதல் நடக்கும் கலைத் திருவிழா பறையையும் சிலம்பத்தையும் தெருக்கூத்தையும் அரசுப் பள்ளி மேடைக்குக் கொண்டுவந்தது. கூத்து வாழும் இந்த வட்டாரத்தில் அது சிறிய காரியமல்ல. என்றாலும் பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று போட்டி ஏற ஏற, வெல்லக்கூடிய பிள்ளைக்கு மட்டும் பயிற்சி என்ற பழைய நோய் திரும்பி வந்துவிடுகிறது.

பசுமைப் படையை இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டும். மத்திய அரசு 2001-02இல் தொடங்கிய திட்டம் அது. ஜூன் 5இல் மரக்கன்று, செப்டம்பர் 16இல் ஓசோன் பேரணி, பிப்ரவரி 2இல் ஈரநில உறுதிமொழி, ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். வேறு ஊரில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். 1980களிலிருந்து சிப்காட் தொழிற்பேட்டை ரசாயன ஆலைகளின் காற்றை மூச்சில் வாங்கும் கடலூரில் முடியாது. அந்த ஆலைகளைச் சுற்றியுள்ள கிராமத்து மக்கள் 2004இல் தாங்களே ஒரு கண்காணிப்புக் குழு அமைத்தார்கள். எத்தனை மணிக்கு நாற்றம் வந்தது, காற்று எந்தப் பக்கமிருந்து வீசியது, என்ன மாதிரி வாடை என்று குறித்துவைத்தார்கள். பிளாஸ்டிக் வாளிக்குள் பொருத்திய பையில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் முடிவுகள் அறிக்கையாக வந்தன. பட்டம் பெறாதவர்களும் செய்யக்கூடிய அறிவியல் அது. பசுமைப் படை செய்ய வேண்டியதைப் பள்ளிக்கு வெளியே யாரோ செய்துகாட்டினார்கள். பள்ளிகள் கன்று நட்டுக்கொண்டிருந்தன.

சிதம்பரத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு வாய்ப்பு வீணாகிறது. பிச்சாவரம் 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பழைய பெயரைத் தந்த தில்லை மரத்தைப் பார்க்க இன்று அந்த அலையாத்திக் காட்டுக்குத்தான் போக வேண்டும். பசுமைப் படையும் தொன்மை மன்றமும் சேர்ந்து போகவேண்டிய இடம். போகாமல் இல்லை. படகில் ஏறி, படம் எடுத்து, ‘அலையாத்திக் காடு சுனாமியைத் தடுத்தது’ என்ற வாசகத்தோடு திரும்புகிறார்கள். அந்த வாசகத்தின் கதை அவ்வளவு எளிதல்ல. பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தைச் சேர்ந்த கதிரேசனும் ராஜேந்திரனும் அந்தக் கரையோரக் குப்பங்கள் பதினெட்டை ஆராய்ந்து, தாவரப் பரப்பு உயிர்ச்சேதத்தைக் குறைத்தது என்று 2005இல் எழுதினார்கள். கடலிலிருந்து தூரத்தையும் நிலத்தின் உயரத்தையும் கணக்கில் எடுத்தால் தாவரத்தின் பங்கு மிகவும் சுருங்கிவிடுகிறது என்று வெளிநாட்டு ஆய்வாளர்கள் சிலர் அடுத்த ஆண்டு மறுத்தார்கள். அதற்கும் எதிர்வினை வந்தது. காடு வளரும் இடமே மேடாகவும் கடலிலிருந்து தொலைவாகவும் இருந்தால், காப்பாற்றியது காடா மேடா? ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு இது புரியும். தன் மாவட்டத்துக் குப்பங்களைப் பற்றிய கேள்வி என்பதால் ஆர்வமும் வரும். நாம் கையில் கொடுத்தனுப்புவது பதாகையை.

தொன்மை மன்றத்துக்கும் இதே குறைதான். சிதம்பரம் கோயில் கோபுரத்து 108 கரணச் சிற்பங்களை எண்ணிவிட்டு வருகிறார்கள். 1864இல் ஆறுமுக நாவலர் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கினார். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவாமி சகஜானந்தர் அதே ஊரில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக நந்தனார் பெயரில் ஒரு பள்ளி எழுப்பினார். பள்ளி இருந்த ஊரில் இன்னொரு பள்ளி ஏன் தேவைப்பட்டது என்று எந்த மன்றமாவது கேட்கட்டும், அன்று அதற்கு முழு மதிப்பெண் தருகிறேன்.

வானவில் மன்றம் நல்ல எண்ணத்தில் பிறந்தது. 2022 நவம்பர் 28 அன்று திருச்சியில் தொடங்கி, ஆறு முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகள் கையாலேயே சோதனை செய்யட்டும் என்றது. பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு 710 கருத்தாளர்கள் என்றார்கள். ஒருவர் தலையில் பதினெட்டுப் பள்ளி! கருத்தாளர் வரும் நாள் திருவிழா, வராத வாரங்களில் சோதனைப் பெட்டி பூட்டியிருக்கும்.

என் இரண்டாவது அளவுகோலில் தெளிவாகத் தேறுவது என்.எஸ்.எஸ். ஒன்றுதான், அதிலும் அதன் ஏழு நாள் சிறப்பு முகாம். முகாமில் குளக்கரையைச் சுத்தம் செய்வது பெரிதல்ல, மறு மழைக்கே புல் முளைத்துவிடும். ஊர்த்தெரு, காலனி என்று பிரிந்து கிடக்கும் மாவட்டத்தில், ஒரே அண்டாச் சோற்றை ஒரே பந்தியில் ஏழு நாள் சாப்பிட்டு, ஒரே கூடத்தில் படுத்தெழும் வாய்ப்பை வேறு எந்த மன்றமும் தருவதில்லை. சேர்ந்து வாழப் பழகுவது விதிப்புத்தகத்திலேயே உள்ள நோக்கம்தான். ஆனால் பந்தி பிரியாமல் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர் இருந்தால்தான் அது கிடைக்கும். சுனாமி, 2011 டிசம்பர் 30இல் தானே புயல், 2015 வெள்ளம் என்று அடிவாங்கிய மாவட்டத்தில் முதலுதவி கற்றுத்தரும் ஜே.ஆர்.சி.க்கும் இடம் உண்டு.

ஆசிரியர்மேல் பழிபோட்டு இதை முடித்துவிடலாம், நியாயமாகாது. ஒரே ஆசிரியர் மூன்று மன்றத்துக்குப் பொறுப்பு. மன்றத்துக்கென்று கால அட்டவணையில் இருக்கும் பாடவேளையைப் பொதுத்தேர்வு விழுங்கிவிடுகிறது. நடந்ததற்குச் சாட்சியாக மேலிடம் கேட்பது படமும் கல்வித் துறையின் எமிஸ் தளப் பதிவும்தான். கேட்பது கிடைக்கிறது.

என் தீர்ப்பு இது: பத்தில் ஆறை மூடிவிடலாம். ஓர் ஆசிரியருக்கு ஒரு மன்றம், ஒரு மன்றத்துக்கு ஆண்டுக்கு ஒரு கேள்வி, அதுவும் உள்ளூர்க் கேள்வி. ஆண்டு முடிவில் படத்துக்குப் பதில் பிள்ளைகள் எழுதிய நான்கு பக்கம் போதும். பேச்சுப்போட்டியில் எழுதித் தந்த உரையைத் தடைசெய்து, தலைப்பை மேடைக்குப் போகும் முன் பத்து நிமிடத்தில் கொடுக்கட்டும். சிப்காட் பற்றிக் கேட்டால் முதன்மைக் கல்வி அலுவலர் (சி.இ.ஓ.) அலுவலகத்திலிருந்து தொலைபேசி வரும் என்று தலைமையாசிரியர்கள் அஞ்சுவார்கள். அந்த அச்சம் பொய்யல்ல. அப்படியானால் பள்ளியின் ஆழ்துளைக் கிணற்றிலிருந்தே தொடங்கலாம். கடலோர ஊரில் தண்ணீர் கோடையில் எவ்வளவு உவர்க்கிறது, ஐப்பசி மழைக்குப் பின் எவ்வளவு இறங்குகிறது என்று மாதம் ஒருமுறை கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை முக்கிப் பார்த்து எழுதிவைக்க யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. மீட்டரின் விலை பேரணிப் பதாகையைவிடப் பெரிதாகிவிடாது.