அடுக்களையில் எஞ்சிய குலக்கல்வி

ஓசூரை அடுத்த தொரப்பள்ளி சிற்றூர்தான். எனினும் தமிழ்நாட்டுக் கல்வி வரலாற்றிலே அதன் பெயருக்கு ஓர் இடமுண்டு. 1878-ல் அவ்வூரிலே பிறந்த இராசகோபாலாச்சாரியார், சென்னை மாநில முதலமைச்சராக இருந்தபோது, 1953-ல் புதிய தொடக்கக் கல்வித் திட்டமொன்றைக் கொணர்ந்தார். நாட்டுப்புறப் பள்ளிகளில் ஐந்து மணி நேரப் பாடம் மூன்று மணி நேரமாகச் சுருங்கும். எஞ்சிய பொழுதில் மகன் தந்தையின் தொழிலைப் பழகுவான், மகள் தாயிடம் வீட்டு வேலை கற்பாள். இதுதான் திட்டம். இரு வேளையாகப் பிரித்தால் இரு மடங்குப் பிள்ளைகளுக்கு இடம் கிடைக்குமே என்று காரணமும் கூறப்பட்டது.

காரணம் கவர்ச்சியானதுதான்! ஆனால், செருப்புத் தைப்பவர் மகன் செருப்பே தைக்க, துணி வெளுப்பவர் மகன் துணியே வெளுக்க, வழக்கறிஞர் மகன் மட்டும் வழக்கறிஞனாவதற்குப் பெயர் கல்வியா? "குலக்கல்வி" என்று கூறிப் பெரியார் அதன் முகத்திரையைக் கிழித்தார். தி.மு.கழகம் மும்முனைப் போராட்டத்தில் அதனை ஒரு முனையாகக் கொண்டது. 1954 ஏப்ரலில் ஆச்சாரியார் பதவி விலக, காமராசர் வந்தார். மே திங்களில் திட்டம் கைவிடப்பட்டது.

வெற்றிதான், ஐயமில்லை. ஆனால் தோழர்களே, முழு வெற்றியா? அத்திட்டத்துக்குக் கால்கள் இரண்டு. தந்தையின் தொழில் மகனுக்கு என்பது ஒரு கால். தாயின் அடுப்பு மகளுக்கு என்பது மறு கால். முதற் காலை முறித்தோம், முழக்கமிட்டோம். மறு காலோ, எந்த அரசாணையின் துணையுமின்றி, நம் அடுக்களையிலே ஊன்றி நிற்கிறது! சாதியை மேடையிலே சாடிவிட்டு வீடு திரும்பும் இளைஞன், உண்ட தட்டை அப்படியே விட்டு எழுகிறான், கழுவுபவள் தங்கை. பிறப்பைக் காட்டித் தொழிலை விதிப்பது குலக்கல்வி எனில், இது வேறென்ன?

மிகைப்படுத்துகிறோம் என்பாருக்குக் கணக்கே பதில் கூறும். ஒன்றிய அரசு 2019-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடம் உழைத்தனர். ஆண்கள் 97 நிமிடம். அதிலும், அவ்வேலையில் கை வைத்த ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான்!

அப்படியானால் குழந்தைக்கு வீட்டு வேலையே கற்பிக்கலாகாது என்று சிலர் முடிவு கட்டுவர். அதுவும் பிழை. வேலை இழிவன்று, பிறப்பைக் காட்டி அதை ஒருவர் தலையில் கட்டுவதே இழிவு. அரிசிக்குத் தண்ணீர் அளக்கும் குழந்தை கணக்குக் கற்கிறது. துணி மடிக்கையில் ஒழுங்கையும், பொத்தான் தைக்கையில் பொறுமையையும் கற்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பிறர் உழைப்பின் அருமையை உணர்கிறது. ஆனால் வரம்புகள் மூன்று வேண்டும். மகனுக்கும் மகளுக்கும் ஒரே பாடம். பள்ளிப் பொழுதையும் விளையாட்டுப் பொழுதையும் அது விழுங்கலாகாது. தன் வேலையைத் தானே செய்யப் பழக்க வேண்டுமேயன்றி, பிறருக்கு ஏவலாளாக்கக் கூடாது.

நடக்கிற செயலா என்று கேட்பர். ஜப்பானிலே தொடக்கப் பள்ளியின் 5, 6-ஆம் வகுப்புகளில் சிறுவனும் சிறுமியும் ஒன்றாக அமர்ந்து சமையலும் தையலும் கற்கின்றனர். மேனிலைப் பள்ளியிலும் 1994 முதல் மனையியல் இருபாலருக்கும் கட்டாயப் பாடம். அதனால் அந்நாட்டு ஆண்மகன் எவனும் குறைந்துபோய்விடவில்லை!

ஆச்சாரியார் பிறந்த அந்த ஓசூர் வட்டாரத்திலேயே இன்று ஆலைகள் அணிவகுத்து நிற்கின்றன. செல்பேசி உறுப்புகள் செய்யும் ஆலைக்கு ஆயிரக்கணக்கான இளம் பெண்கள் பேருந்துகளில் செல்கின்றனர். அடுப்புக்கென்றே பிறந்தவள் என்று கூறப்பட்டவள் இயந்திரத்தை ஆள்கிறாள். வேலை முடிந்து வீடு திரும்பியதும், அகப்பை மட்டும் அவள் கையையே தேடுவானேன்? இயந்திரத்தை இயக்கும் அண்ணனின் கைக்கு அகப்பை பிடிபடாதா?

அன்று அரசின் திட்டத்தை வீழ்த்த ஊர்வலமும் சிறையும் தேவைப்பட்டன. எஞ்சியதை வீழ்த்த அவை வேண்டியதில்லை. தோழனே, இன்றிரவு உண்ட தட்டை நீயே கழுவு; உன் தம்பிக்கும் கழுவக் கற்றுக்கொடு. தங்கை படிக்கட்டும்!