எண்ணுவதும் சொல்வதும் ஒன்றாம்!

ஸே, டெல், ஸ்பீக், டாக் என்ற நாலு ஆங்கில வினைச்சொற்களுக்கும் என்ன வித்தியாசம் என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் எனக்குக் காட்டியதே, அதை நினைத்தால் இன்னும் புல்லரிக்கிறது!

2019 ஜனவரி 15, ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகுவதற்கான பிரெக்ஸிட் ஒப்பந்தத்தின் மீது ஓட்டெடுப்பு. நம்மூரில் நள்ளிரவு தாண்டிவிட்டது, நான் டீவியை விட்டு நகரவில்லை. நினைத்துப் பாருங்கள், பச்சைத் தோல் இருக்கைகள், பிதுங்கி வழியும் கூட்டம், சபாநாயகர் ஜான் பெர்கோ 'ஆர்டர்ர்ர்!' என்று கர்ஜிக்கிறார். ஆதரிப்பவர்கள் 'ஐ' என்று 'ஸே' பண்ண வேண்டும், எதிர்ப்பவர்கள் 'நோ' என்று. வாயிலிருந்து வந்து விழும் அந்தச் சொல்தான் 'ஸே'!

அப்புறம் நாலு பேர் வரிசையாக வந்து நிற்கிறார்கள் பாருங்கள், ஓட்டை எண்ணியவர்கள், அவர்களுக்குப் பேர் 'டெல்லர்'! சொல்பவரா, எண்ணுபவரா என்று அகராதியைத் தேடி ஓடினேன், அங்கே புதையலே இருந்தது: பழைய ஆங்கிலத்தில் 'டெல்' என்றால் எண்ணுவதும்தான், விவரித்துச் சொல்வதும்தான்! அதனால்தான் வங்கியில் பணம் எண்ணித் தருபவரும் டெல்லர், அதனால்தான் கதையை 'டெல்' பண்ணுகிறோம், ஒவ்வொன்றாக எண்ணி எடுத்து எதிரே இருப்பவர் கையில் வைப்பது மாதிரி, கேட்க ஓர் ஆள் வேண்டும், கொடுக்க ஒரு சேதி வேண்டும், அந்த டெல்லர் கொடுத்த சேதியோ ஆதரவு 202, எதிர்ப்பு 432, அவையே அதிர்ந்தது, நடுராத்திரியில் நான் கைதட்டிக் குதித்தேன், எண்ணிக்கைக்காக இல்லை, அந்தச் சொல்லுக்காக!

ஸ்பீக்கர், அதாவது சபாநாயகர், மட்டும் லேசுப்பட்டவரா? விவாதத்தில் அவர் கலந்துகொள்ளவே மாட்டார்! அவையின் சார்பில் அரசரிடம் போய்ப் பேசுபவர் என்பதால் வந்த பட்டம் அது, 1377இல் தாமஸ் ஹங்கர்ஃபோர்டு என்பவர்தான் அதை முதலில் பெற்றவர். முறையாக எழுந்து ஒருவர் பேசினால் 'ஸ்பீக்'. 'டாக்' அப்படியில்லை, ஆளுக்கு ஆள் மாற்றி மாற்றிப் பேசுவது, வளவளவென்று இழுப்பதும் அதில் சேர்த்தி. பிடிக்காத மசோதாவை நேரம் முடியும்வரை பேசிப்பேசியே சாகடிப்பதற்கு அங்கே 'டாக் அவுட்' என்று பேர். அந்த இடத்தில் 'ஸ்பீக் அவுட்' என்று போட்டுப் பாருங்கள், துணிந்து குரல் கொடுப்பது என்று அர்த்தமே தலைகீழாகிவிடும்! பேச்சுவழக்கில் இந்த எல்லைகள் கொஞ்சம் கலந்துபோகும், போகட்டுமே.

ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களே, அடுத்த வகுப்பில் இலக்கணப் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடிவைத்துவிட்டு அந்த ஓட்டெடுப்பைப் போட்டுக் காட்டுங்கள்!