டூத் அண்ட் க்ளா: நிறம் மாறினால் கல்யாணம்

டிராகனும் கல்யாணமும் கலந்த நாவல்களுக்கு இப்போது நல்ல காலம். 2023இல் ரெபெக்கா யாரோஸின் 'ஃபோர்த் விங்' பெரிய வெற்றி பெற்ற பிறகு 'ரொமாண்டசி' என்கிற சொல் எல்லார் வாயிலும் புழங்குகிறது. பிடிக்காத ஆணுக்கு வீட்டார் பேசி முடித்த பெண், வெளியே பறக்கும் டிராகன், நடுவில் மெதுவாக மலரும் காதல். இந்த மாதிரி சிலவற்றைப் படித்தபோது எனக்கு ஒரே கேள்விதான் வந்தது: டிராகனை எடுத்துவிட்டு அங்கே ஒரு நல்ல குதிரையை நிறுத்தினால் கதையில் என்ன குறைந்துவிடும்? பலவற்றில் ஒன்றும் குறையாது.

ஜோ வால்டனின் 'டூத் அண்ட் க்ளா' அப்படிப்பட்டதல்ல. டிராகனை எடுத்தால் அதில் கல்யாணமே நடக்காது. இந்த அலை வருவதற்கு இருபது வருஷம் முந்திய புத்தகம் அது; 2003இல் வெளிவந்து, அடுத்த வருஷம் உலக ஃபேண்டசி விருது வாங்கியது. கதையை நடத்திச் செல்பவர்கள் அத்தனை பேரும் டிராகன்கள். தொப்பி போடுகிறார்கள், ரயிலில் போகிறார்கள், தேவாலயத்தில் பிரசங்கம் கேட்கிறார்கள், சொத்துக்கு வழக்குப் போடுகிறார்கள், செத்த அப்பாவைச் சாப்பிடுகிறார்கள்.

(கதையின் முடிவு வரை பேசப்போகிறேன். படிக்கப்போகிறவர்கள் படித்துவிட்டு வாருங்கள்.)

வால்டன் கதையின் எலும்புக்கூட்டை ஆந்தனி டிரோலோப்பின் 'ஃப்ராம்லி பார்சனேஜ்' நாவலிலிருந்து எடுத்திருக்கிறார். 1860 ஜனவரியில் தொடங்கிய 'கார்ன்ஹில்' பத்திரிகையில், முதல் இதழிலிருந்தே தொடராக வந்த நாவல் அது. லூசி ஒரு பாதிரியாரின் தங்கை. அந்த ஊர்ப் பிரபு லஃப்டன் அவளை விரும்புகிறான். அவனுடைய அம்மாவோ கிரிசெல்டா என்கிற வேறொரு பெண்ணைப் பார்த்து வைத்திருக்கிறாள். லஃப்டன் வந்து கேட்கும்போது லூசி, 'எனக்கு உங்கள் மேல் காதல் வராது' என்று பச்சைப் பொய் சொல்லி அனுப்பிவிடுகிறாள். கடைசியில் அந்த அம்மாவே இறங்கி வந்து லூசியைத் தன் மகனுக்குக் கேட்கிறாள். இவ்வளவுதான் அந்த முடிச்சு.

வால்டன் இதன்மேல் ஒரேயொரு விதியைப் போடுகிறார். விக்டோரிய நாவல்கள் பெண்களைப் பற்றி எதையெல்லாம் நம்பினவோ, அதெல்லாம் உடலின் மாற்ற முடியாத விதியாக இருந்தால் என்ன ஆகும்? முன்குறிப்பிலேயே இதைச் சொல்லிவிடுகிறார். கல்யாணமாகாத பெண் டிராகன் பொன்னிறம். ஓர் ஆண் நெருங்கி வந்து அவள் மனம் கலங்கினால் உடல் முழுக்க இளஞ்சிவப்பாக மாறிவிடும். மாறினால் மாறினதுதான். உடனே நிச்சயதார்த்தம் நடக்க வேண்டும்; நடக்காவிட்டால் அவள் கெட்டுப்போனவள். நாவல்களில் கன்னம் சிவப்பது ஒரு நிமிஷத்தில் மறைந்துவிடும். இங்கே ஊரே பார்க்கிற மாதிரி ஒட்டிக்கொண்டுவிடுகிறது.

கேட்க வேடிக்கையாகத்தான் இருக்கிறது. கொஞ்ச தூரம் வரை வால்டனும் வேடிக்கையாகவே எழுதுகிறார். இத்தனையாவது மரணப் படுக்கை, இத்தனையாவது காதல் விண்ணப்பம் என்று தலைப்புகளில் எண்ணிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் கணக்கு விட்டுப்போச்சு என்கிறார். ஆனால் செலெண்ட்ராவுக்கு நடப்பதைப் படிக்கும்போது சிரிப்பு நின்றுவிடுகிறது.

அப்பா செத்துப்போயிருக்கிறார். துக்க வீடு. உள்ளூர்ப் பாதிரி ஃப்ரெல்ட், அவள் தனியாக இருக்கும் நேரம் பார்த்து வந்து கல்யாணத்துக்குக் கேட்கிறான். அவள் மாட்டேன் என்கிறாள். அவன் விலகாமல் மேலே நெருக்கி நிற்கிறான். அவள் நிறம் மாறிவிடுகிறது. வாய் இல்லை என்றது, தோல் ஆமாம் என்றுவிட்டது. ஊர் தோலைத்தான் நம்பும். இதில் காதல் எங்கே, பலாத்காரம் எங்கே என்று அந்தச் சமூகத்தில் யாரும் கேட்கப்போவதில்லை, ஏனென்றால் இரண்டுக்கும் நிறம் ஒன்றுதான். நூற்றுக்கணக்கான விக்டோரிய நாவல்கள் 'அவள் மானம்' என்று நாசூக்காகச் சொல்லிவிட்டுக் கடந்துபோன விஷயத்தை, வால்டன் ஒரு நிறத்தை வைத்து முகத்துக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்துகிறார்.

அன்றைக்கு அவளைக் காப்பாற்றுகிறவள் அமெர் என்கிற கிழட்டு வேலைக்காரி. நிறத்தைத் திரும்பப் பொன்னாக்கும் மருந்து ஒன்று அவளுக்குத் தெரியும். ஆனால் அதைக் குடித்தால் ஒரு ஆபத்து உண்டு: பிறகு எப்போதுமே நிறம் மாறாமல் போகலாம். அதாவது, பிடிக்காதவனுக்கு உடல் சொன்ன 'ஆமாம்' அழிக்கப்பட வேண்டுமென்றால், பிடித்தவனுக்கு என்றைக்கோ சொல்லவேண்டிய 'ஆமாம்' பணயம். செலெண்ட்ரா குடிக்கிறாள். என்னைக் கேட்டால் புத்தகத்தின் உச்சம் இந்த இடம்தான். மந்திரவாதி இல்லை, சண்டை இல்லை. ஒரு பெண், ஒரு வேலைக்காரி, ஒரு கோப்பை.

பின்னால் ஷெர் பெனாண்டி வருகிறான். லஃப்டன் பிரபுவின் டிராகன் வடிவம். அவனுடைய அம்மாவும் மகனுக்கு ஜெலெனர் என்று ஒரு வசதியான இடத்துப் பெண்ணைப் பார்த்து வைத்திருக்கிறாள். செலெண்ட்ராவுக்கு அவனைப் பிடித்திருக்கிறது, நிறம்தான் மாறவில்லை. டிரோலோப்பின் லூசி வாயால் பொய் சொன்னாள். சொன்ன வார்த்தையைப் பிறகு திருப்பி எடுத்துக்கொள்ளவும் அவளால் முடிந்தது. செலெண்ட்ராவின் விஷயத்தில் உடம்பே பொய் சொல்கிறது, அதைத் திருத்த அவள் கையில் ஒன்றுமில்லை. மூலக்கதையை இவ்வளவு கூர்மையாகப் புரட்டிப்போட்ட தழுவல்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

தமிழில் படித்துப் பழகியவர்களுக்கு இங்கே பசலை ஞாபகம் வராமல் இருக்காது. அகப்பாட்டிலும் தலைவியின் நிறம்தான் காட்டிக்கொடுக்கிறது. தாய் அதை நோய் என்று நினைத்து வேலனை அழைத்து வெறியாட்டு நடத்துகிறாள். வித்தியாசம் என்னவென்றால், பசலை அவன் பிரிந்துபோனதால் வருவது, அவள் மனசு அறிந்து வருவது. ஃப்ரெல்ட் மாதிரி ஒருத்தன் வந்து நெருக்கி நின்றால் பசலை வராது.

சொத்து விஷயத்துக்கும் வருவோம். இந்த டிராகன்கள் பெரிதாக வளர வேண்டுமென்றால் டிராகன் மாமிசம் தின்றாக வேண்டும். ஆகவே அப்பாவின் உடலும் பங்கு பிரிக்கிற சொத்து. கிழவர் போன் அகோர்னின் தன்னிடமுள்ளதெல்லாம் இன்னும் காலூன்றாத மூன்று இளைய பிள்ளைகளுக்கு என்று சொல்லிவிட்டுப் போகிறார். 'உள்ளதெல்லாம்' என்பதில் தங்கம் மட்டுமா, உடம்பும் சேர்த்தியா? மூத்த மாப்பிள்ளை டேவெராக் பிரபு, உடம்பு அதில் சேராது என்று சொல்லித் தன் பங்குக்கு மேலேயே தின்றுவிடுகிறான். தம்பி அவான் வழக்குப் போடுகிறான். பாகப்பிரிவினையில் மாப்பிள்ளையின் அராஜகம் எங்கே நடந்தாலும் ஒரே மாதிரிதான் போலிருக்கிறது!

இங்கிலாந்தில் 1870, 1882 சட்டங்கள் வரும்வரை, கல்யாணமானவுடன் மனைவியின் பணமும் நகையும் சட்டப்படி கணவனுடையவை. டிரோலோப் எழுதியது அதற்கு முன்னால். அவருடைய வாசகர்களுக்குத் தெரிந்த அந்தக் கணக்கு, வால்டனிடம் வயிற்றுக் கணக்காகிவிடுகிறது. டேவெராக்கின் மனைவி பெரெண்ட், மூத்த அக்கா, வசதியான இடத்தில் வாழ்க்கைப்பட்டவள். போதிய இடைவெளி விடாமல் மறுபடி முட்டையிட வேண்டிவந்து அதிலேயே செத்துப்போகிறாள். ரொமான்ஸ் நாவல்கள் கல்யாணத்தோடு முடிந்துவிடுவதால், கல்யாணத்துக்குப் பிந்திய பெண்ணுக்கு அங்கே இடம் கிடைப்பது அபூர்வம். வால்டன் அவளுக்குக் கொடுக்கும் பக்கங்கள் கொஞ்சம்தான், ஆனால் காதல் ஜோடிகள் வரும் இடங்களிலெல்லாம் பெரெண்ட் என் மண்டைக்குள் நின்றுகொண்டே இருந்தாள்.

எனக்கு ஒப்பாதது முடிவு. கடைசியில் செலெண்ட்ராவின் நிறம் மாறிவிடுகிறது. குகைக்குள் புதையலும் கிடைத்துவிடுகிறது. மருந்தின் விலை என்று நம்மைப் பயமுறுத்தியதை வால்டன் வசூல் பண்ணாமலே விட்டுவிட்டார். டிரோலோப் மாதிரியான நாவல் என்றால் சுபமாகத்தான் முடியணும், அது அந்த வகையின் விதி என்று வாதாடலாம். சரி, ஆனால் அந்த வகையின் விதிகளைத் தோலுரிக்கத்தானே இவ்வளவு தூரம் வந்தார்? நிறமே மாறாத ஒரு பெண்ணை, அவள் சொன்ன வார்த்தையை மட்டும் நம்பி ஷெர் கட்டிக்கொண்டிருந்தால் புத்தகம் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கும்.

அமெர் விஷயமும் அப்படித்தான். வேலைக்காரர்களின் சிறகைக் கட்டிவைப்பது அந்த நாட்டில் சட்டம். வயசானால் எஜமானர்களுக்கு உணவாகிற பயமும் அவர்களுக்கு உண்டு. செலெண்ட்ராவின் சகோதரி ஹேனர் இதை எதிர்த்துப் படிக்கிறாள், பேசுகிறாள். அவள் விரும்பும் லண்டேவரும் ஒத்துக்கொள்கிறான். நல்ல ஜோடி. ஆனாலும் அவர்கள் கல்யாணப் பேச்சு முடிகிறபோது அந்தச் சட்டம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. செலெண்ட்ராவுக்கு அந்தக் கோப்பையை நீட்டியவளுக்குப் பறக்க முடியாது.