ஒரே கோயில், இரண்டு திண்ணை

மொரப்பூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கிறிஸ்தவர் கதை என்றால் ஜெபம், பாதிரியார், கடைசியில் மனந்திரும்புதல், இவ்வளவுதானே?" ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' (1964) அவர் கையில் கிடைக்கவில்லை போலும்.

குமரிப் பக்கத்துப் பனங்காட்டுக் கதை அது. அங்கே கோயில் உபதேசம் கேட்கும் இடம் மட்டுமல்ல, ஊர் கூடும் இடமும்கூட. நிலமுள்ளவரும் பனையேறியும் ஒரே சாதி, ஒரே வேதம். ஆனால் பனையேறி மகன் தங்கராஜ் புத்தம் வீட்டு லிஸியை விரும்பியதும் வீட்டுப் பெருமை குறுக்கே வந்து நிற்கிறது. ஆசிரியை யாரையும் கடிந்துகொள்ளவில்லை. பெரியவளான லிஸியை வீட்டுக்குள்ளேயே அடைத்து வைத்திருப்பதைக் காட்டுகிறார், அதுவே போதும்.

பாமாவின் 'கருக்கு' (1992) அப்படி அடங்கிப் பேசுவதல்ல. கன்னியர் மடத்தை விட்டு வெளியேறியவர் எழுதியது. செத்தவர்களுக்குக்கூடச் சாதிக்கொரு கல்லறை என்று அவர் கொதிக்கிறார். கோபம் சபையின் மேல்தான், இயேசுவின் மேல் அல்ல. சொந்தக்காரர்களிடம்தானே இப்படி உரிமையோடு சண்டை போட முடியும்?

'புத்தம் வீ'ட்டில் எனக்கு ஒரு குறை உண்டு. கொலையும் வழக்கும் வந்துதான் அந்தக் காதலின் முடிச்சு அவிழ்கிறது. ஞாயிறுதோறும் கூடிய அந்தச் சபைக்கு அதில் ஒரு வேலையும் இல்லாமல் போயிற்று.